குப்பியில் ஒரு சின்னச் சதுரம்

போலியோ சொட்டு மருந்து முகாமுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன பலரும் அந்தக் குப்பியைப் பார்த்திருப்பார்கள். லேபிளில் இருப்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஊதா நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் மிளகு அளவுக்குக்கூட வராத வெளிர் நிறச் சதுரம். சொட்டு மருந்து கொடுக்கும் செவிலியர் குப்பியைத் திறக்கும் முன் அரை நொடி அதைப் பார்ப்பார். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து குழந்தையின் வாய்க்குப் போகும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பி குப்பைக்குப் போகும்.

அதில் பேட்டரி இல்லை, எண்கள் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம். எனக்கு இதைவிட வியப்பானது வேறொன்று. இந்தச் சதுரம் குப்பியில் ஏற வேண்டுமென்று முயன்றவர்களில் ஒரு தரப்பு எந்த அரசையும் சேராதது. இன்னொரு தரப்பு அரசுகள் கூடிக் கட்டியது. ஒருவர் வாசலில் இன்னொருவருக்கு நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது. அப்படிப்பட்ட இருவர் ஒரு லேபிளில் எப்படிக் கைகோத்தார்கள்?

முதலில் சதுரத்துக்குள் போய்விட்டு வருவோம். அரைத்த தோசை மாவை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் சில மணி நேரத்தில் பொங்கும். பிரிட்ஜில் வைத்தால் நாள் கணக்கில் தாங்கும். ஆனால் ஒருமுறை புளித்த மாவைத் திரும்பப் பிரிட்ஜில் வைத்தால் புளிப்பு போகாது, மேற்கொண்டு புளிப்பதுதான் மெதுவாகும். சதுரமும் அப்படியே. அதில் பூசியிருப்பது டயசெட்டிலீன் வகைச் சேர்மம். அதன் மூலக்கூறுகள் சீட்டுக்கட்டு போல அடுக்கி நிற்கின்றன. சூடு பட்டால் பக்கத்து மூலக்கூறோடு இணைந்து சங்கிலியாகின்றன. சங்கிலி நீள நீள நிறம் அடர்கிறது. பிறகு எத்தனை ஐஸ் கட்டிக்குள் புதைத்தாலும் சங்கிலி அவிழாது. வெப்பமானி இந்த நிமிடத்துச் சூட்டை மட்டும் சொல்லும். சதுரமோ தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய நாள்முதல் அந்தக் குப்பி பட்ட மொத்தச் சூட்டையும் கூட்டிச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் வேக்சின் வயல் மானிட்டர் என்று பெயர். நாம் ‘வெப்பச் சாட்சி’ என்று வைத்துக்கொள்வோம்.

இதில் பல ரகங்கள் உண்டு, முக்கியமானவை 2, 7, 14, 30. உடல் சூடான 37 டிகிரியில் எத்தனை நாளில் சதுரம் கறுத்துவிடும் என்பதையே அந்த எண்கள் குறிக்கின்றன. போலியோ சொட்டு மருந்துக்கு ரகம் 2. வழக்கமான தடுப்பு மருந்துகளில் சூட்டுக்கு மிகவும் துவண்டுபோவது அதுதான். 37 டிகிரியில் 2 நாள் தாங்கும் அதே குப்பி, பிரிட்ஜில் ஆறு மாதத்துக்கு மேல் தாங்கும். மருந்து கெடும் வேகமும் சதுரம் கறுக்கும் வேகமும் ஒத்துப்போகும்படி வேதியியலை அளந்து பூசியிருக்கிறார்கள்.

இது வருவதற்கு முன்னால் நிலைமை என்ன? மருந்து தொழிற்சாலையிலிருந்து விமானம், தலைநகரக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையம், கடைசியில் செவிலியரின் தோளில் தொங்கும் ஐஸ் பெட்டி எனப் பல கை மாறி வரும். இந்த வரிசைக்குக் குளிர்சங்கிலி என்று பெயர். எங்கோ ஒரு கண்ணி அறுந்து, லாரி வெயிலில் நின்றிருந்தாலும் மருந்து பார்வைக்கு மாறாது. நிறம், வாசனை, சுவை எல்லாம் அப்படியே இருக்கும், வீரியம் மட்டும் போயிருக்கும். எனவே இரண்டு தவறுகளும் நடந்தன. கெட்ட மருந்தைக் கொடுத்தார்கள். மின்சாரம் நின்றதென்ற சந்தேகத்தில் நல்ல மருந்தையும் பெட்டி பெட்டியாகக் கொட்டினார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 1970களின் இறுதியிலேயே இப்படியொரு சாட்சியைத் தேடத் தொடங்கியது. ஆனால் அது அரசுகளின் கூட்டு. உலகின் பெரும்பாலான நாடுகள் அதன் உறுப்பினர்கள். ஒரு தாலுகா மக்கள்தொகைகூட இல்லாத துவாலுவுக்கும் இந்தியாவுக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு. அத்தகைய அமைப்பு பொது விதி எழுதும், தரம் வகுக்கும். பதினைந்து வருடம் ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒரு பசை லேபிளை ஒட்டிப் பார்ப்பதும், தோற்றால் வேறொன்றைத் தேடுவதும் அதற்குப் பழக்கமில்லாத வேலை. 1977-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கிய ‘பாத்’ என்ற அரசு சாரா அமைப்பு அதைச் செய்தது. முதலில் தட்டம்மைத் தடுப்பூசிக்கு முயன்றார்கள். பல நாடுகளில் சோதித்தார்கள். கடைசியில் கைகொடுத்தது, கடையில் விற்கும் உணவுப் பொருள் புதிதா பழையதா என்று காட்டும் லேபிள் செய்துவந்த நியூ ஜெர்சி நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பம்.

கண்டுபிடித்தாயிற்று. ஆனால் மருந்துக் கம்பெனிகள் ஏன் ஒட்ட வேண்டும்? செலவு சில காசுகள்தான், ஆனாலும் செலவு. இயந்திரத்தை மாற்ற வேண்டும். போதாக்குறைக்கு அந்த லேபிளைச் செய்பவர் ஒரே ஒருவர். இங்கேதான் மூன்றாவது ஆள் நுழைகிறார். ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யூனிசெப் உலகிலேயே மிகப் பெரிய தடுப்பூசி வாடிக்கையாளர்களில் ஒன்று. உலகின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினருக்கு மருந்து வாங்கித் தருவது அதுதான். உலக சுகாதார நிறுவனம் தரத்தை எழுதியது, யூனிசெப் அதைத் தன் கொள்முதல் நிபந்தனையில் சேர்த்தது. பாதி ஊருக்குச் சாமான் வாங்கும் வாடிக்கையாளர் கேட்டால் எந்தக் கடைக்காரரும் இல்லை என்று சொல்வதில்லை. 1996-ல் போலியோ குப்பிகளில் சதுரம் ஏறியது.

ஒருவரிடம் தோற்கும் சுதந்திரம், ஒருவரிடம் பேனா, ஒருவரிடம் பணப்பை. இவர்களில் யார் விலகியிருந்தாலும் சதுரம் ஆய்வகத்து மேசையிலேயே நின்றிருக்கும். அரசு சாரா அமைப்பும் அரசுகளின் கூட்டமைப்பும் சேர்ந்து வேலை செய்வதென்றால் மேடையில் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வது என்று நினைத்திருந்த எனக்கு, இந்த லேபிள் ஒரு நல்ல பாடம்.

சரி, அரசுகளின் வீட்டுக்குள் அரசு சாரா அமைப்புகளை அனுமதித்தது யார்?

1945-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தை எழுத நாடுகள் கூடின. கையில் கொண்டுவந்த வரைவில் தன்னார்வ அமைப்புகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் அமெரிக்க அரசு தன் குழுவுக்கு ஆலோசனை சொல்ல 42 அமைப்புகளை அழைத்திருந்தது. தொழிற்சங்கம், விவசாயிகள் சங்கம், மத அமைப்பு, ரோட்டரி சங்கம் எல்லாம் அதில் உண்டு. அழைத்தவர்கள் மரியாதைக்கு அழைத்திருக்கலாம், வந்தவர்கள் மரியாதையோடு நிற்கவில்லை. விடாமல் பேசிப் பேசி ஒரு பிரிவைச் சாசனத்தில் ஏற்றினார்கள். அதுதான் 71-ஆவது பிரிவு. பொருளாதார சமூக மன்றம் அரசு சாரா அமைப்புகளைக் கலந்தாலோசிக்க ஏற்பாடு செய்யலாம் என்கிறது அது. ‘செய்ய வேண்டும்’ என்று சொல்லவில்லை, ‘செய்யலாம்’ என்றுதான் சொல்கிறது. இந்த ஒற்றைச் சொல்லை நம்பி இன்று 6,000-க்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளே நிற்கின்றன.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஓர் இனிய அதிர்ச்சி. சாசனத்தின் பொருளாதார, சமூகப் பகுதியை வடித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஆற்காடு ராமசாமி முதலியார், நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவர். இந்தியாவின் சார்பில் சாசனத்தில் கையெழுத்திட்டவரும் அவர். 1946-ல் பொருளாதார சமூக மன்றம் கூடியபோது அதன் முதல் தலைவரும் அவரே. அவருடன் இரட்டையராகப் பிறந்தவர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகக் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்த மருத்துவர். அவர் உலக சுகாதார நிறுவனத்தின் பக்கம் போனார். 1961-ல் அதன் பேரவைக்குத் தலைமை தாங்கினார். உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டத்திலும் அரசு சாரா அமைப்புகளோடு கலந்தாலோசிக்கவும் ஒத்துழைக்கவும் கதவு திறக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. அதன் எண்ணும் 71! அண்ணன் தம்பி இருவர் பணியாற்றிய இரண்டு வீட்டுக்கும் ஒரே கதவு எண். இது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கதவு இருக்கிறதே தவிர, உள்ளே நடப்பது நுணுக்கமான சம்பிரதாயம். ஐ.நா.வில் ‘ஆலோசனை நிலை’ என்ற தகுதி மூன்று படிகளில் கிடைக்கும். பல துறைகளில் வேலை செய்யும் பெரிய அமைப்புகளுக்குப் பொது நிலை, சில துறைகளில் மட்டும் தேர்ந்தவர்களுக்குச் சிறப்பு நிலை, எப்போதாவது உதவக்கூடியவர்களுக்குப் பட்டியல் நிலை. பொது நிலை பெற்றவர் மன்றத்துக்கு 2,000 சொல் வரை அறிக்கை தரலாம், விவாதப் பொருளையும் முன்மொழியலாம். சிறப்பு நிலை என்றால் 500 சொல்தான்.  எந்தப் படியிலும் ஓட்டு கிடையாது. பொது நிலையும் சிறப்பு நிலையும் பெற்றவர்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை என்ன செய்தோம் என்று கணக்கு ஒப்படைக்க வேண்டும், தவறினால் தகுதி போய்விடும்.

அந்தத் தகுதியைப் பரிந்துரைப்பது 19 நாடுகள் கொண்ட ஒரு குழு. ஒரே ஒரு நாடு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். அங்கே இன்னொரு கேள்வி வரும். சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு 2008-ல் விண்ணப்பித்தது. இந்தியா கேட்ட கேள்விகளே நூற்றைத் தாண்டின. தகுதி கிடைத்தது 2022 டிசம்பரில். கதவைத் திறப்பதற்கு ஒரு பிரிவு போதும், அதைச் சாத்தி வைத்திருக்க ஒரு கேள்வியே போதும்.

உலக சுகாதார நிறுவனத்தின் முறை வேறு. அங்கே ‘அதிகாரபூர்வ உறவு’ என்று பெயர். நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று ஆண்டுக்கு என்ன வேலை செய்யப்போகிறோம் என்ற திட்டத்தோடு வர வேண்டும். சும்மா வந்து உட்கார இடமில்லை. 2016-ல் வகுத்த விதிகளின்படி புகையிலைத் தொழிலுக்கும் ஆயுதத் தொழிலுக்கும் அங்கே உறவே கிடையாது.

இப்போது போலியோவுக்குத் திரும்புவோம். இந்த ஏற்பாடுகளெல்லாம் தரையில் இறங்கினால் எப்படியிருக்கும் என்று காட்ட அதைவிடப் பெரிய கதை இல்லை.

1979-ல் ரோட்டரி பிலிப்பைன்ஸ் அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து, அதற்கு ரோட்டரி தருவது 7,60,000 டாலர். அந்த ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி மணிலாவை ஒட்டிய மக்காட்டியில் முதல் சொட்டு விழுந்தது. தலைக்குப் பதின்மூன்று சென்ட் கணக்கில் ஒரு நாட்டையே காக்க முடியும் என்று பார்த்ததும் வியாபாரிகளும் வக்கீல்களும் டாக்டர்களும் நிறைந்த அந்தச் சங்கத்துக்கு ஆசை பெருகியது. 1985-ல் உலகம் முழுவதற்குமாக 12 கோடி டாலர் திரட்டுவதாக அறிவித்தார்கள். மூன்று ஆண்டில் சேர்ந்தது அதைப்போல இரண்டு மடங்கு.

அரசுகள் அப்போது தயங்கிக்கொண்டிருந்தன. பெரியம்மையை ஒழித்த படைக்குத் தலைமை வகித்த டி.ஏ. ஹெண்டர்சனே போலியோவை ஒழிக்க முடியுமா என்று சந்தேகப்பட்டவர். காரணம் இல்லாமல் இல்லை. பெரியம்மை வந்தால் முகத்தில் தெரியும். போலியோ கிருமி புகுந்த 200 பேரில் சுமாராக ஒருவருக்குத்தான் வாதம் வரும். மற்றவர்களில் பெரும்பாலோர் ஒன்றும் தெரியாமலே கிருமியைப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒரு நோயாளிக்குப் பின்னால் தெரியாத ஒரு கல்யாணக் கூட்டம் இருக்கிறது. இருந்தும் 1988 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை 2000-க்குள் போலியோவை ஒழிப்பதென்று தீர்மானம் போட்டது. தீர்மானம் போட அரசுகளால்தான் முடியும். ஆனால் பணமும் ஆளும் தயாராக மேசையில் இருந்ததால்தான் கைகள் தைரியமாக உயர்ந்தன என்பது என் கணிப்பு. அந்த ஆண்டு 125 நாடுகளில் ஏறத்தாழ 3,50,000 பேரை இந்த நோய் முடக்கியது, நாளொன்றுக்கு ஆயிரம் பேர் என்ற கணக்கில். உலக சுகாதார நிறுவனம், யூனிசெப், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், ரோட்டரி ஆகிய நான்கும் கூட்டாளிகளாயின. மூன்று அரசு வழி அமைப்புகளுக்கு நடுவே ஒரு சங்கம்.

இந்தக் கூட்டணியின் சூட்சுமம் ஒன்றுண்டு. ஜெனிவாவிலுள்ள உலக சுகாதார நிறுவனத்திலிருந்து வரும் அதிகாரி ஒரு நாட்டின் எம்.பி.யைச் சந்தித்து ‘போலியோவுக்குப் பணம் ஒதுக்குங்கள்’ என்று நச்சரிக்க முடியாது. அந்த நாடுதான் அவருடைய எஜமானர்களில் ஒன்று. ஆனால் அந்த எம்.பி.யின் தொகுதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ரோட்டரிக்காரர் வாரம் ஒருமுறை போய் நச்சரிக்கலாம். அவர் வாக்காளர்! வெளிநாட்டு அமைப்பின் கோரிக்கை இப்படி உள்ளூர்க்காரர் குரலில் போய்ச் சேர்ந்தது.

நம் பக்கத்தில் வேலூரில் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கிருமியியலாளர் டி. ஜேக்கப் ஜான், மூன்று தவணை சொட்டு மருந்து சாப்பிட்ட நம் குழந்தைகளில் பலருக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகவில்லை என்பதை 1970களிலேயே கண்டறிந்தார். பணக்கார நாட்டுப் புத்தகத்தில் மூன்று தவணை போதும். வேலூரில் போதவில்லை. தவணைகளைக் கூட்டியதோடு, ஓர் ஊரின் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் கொடுத்துப் பார்த்தார், உள்ளூர் ரோட்டரியின் துணையோடு. ஒரே நேரத்தில் எல்லாக் குடலிலும் பலவீனமாக்கிய தடுப்புக் கிருமி குடியேறிவிட்டால் ஊரில் சுற்றும் நிஜக் கிருமிக்கு இறங்க வீடு கிடைக்காது. நாடித் துடிப்பு போல விட்டு விட்டு வரும் முறை என்பதால் ‘பல்ஸ்’ என்ற பெயர். 1995 டிசம்பர் 9-ஆம் தேதி நாடு முழுவதும் தொடங்கிய ‘பல்ஸ் போலியோ’வுக்கு இந்த முன்னோட்டம் ஒரு வேர்.

அந்த முகாம்கள் உச்சத்தில் இருந்தபோது ஒரு சுற்றில் 17 கோடிக் குழந்தைகள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். 17 கோடி என்றால் தமிழ்நாட்டு மக்கள்தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், அத்தனை பேரும் ஐந்து வயதுக்குக் கீழே! சொட்டு விழுந்த குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரல் நகத்தில் மை. எல்லாக் குழந்தைக்கும் கொடுத்த வீட்டுச் சுவரில் ‘பி’. ஆள் இல்லை, மறுத்துவிட்டார்கள், பூட்டியிருக்கிறது என்றால் ‘எக்ஸ்’. சாக்பீஸால் எழுதிய இந்த இரண்டு எழுத்துதான் திரும்பிப் போக வேண்டிய வீட்டின் பட்டியல். ஓடும் ரயிலிலும் ஐஸ் பெட்டியோடு ஆள் ஏறினார்கள். செங்கல் சூளைகளுக்குப் போனார்கள். பிகாரின் கோசி ஆற்று வெள்ளப் பரப்பில் படகில் போனார்கள்.

மேற்கு உத்தரப் பிரதேசத்தில் மருந்தைவிட வேகமாக ஒரு வதந்தி பரவியது, இது பிள்ளைப் பேற்றைத் தடுக்கிற மருந்து என்று. அரசு வாசலில் வந்து நிற்க நிற்கச் சந்தேகம்தான் கூடியது. வேறெதற்குமே வராத அரசு இதற்கு மட்டும் பத்தாவது முறை வருவானேன்? நியாயமான கேள்வி. இங்கே ரோட்டரி முஸ்லிம் உலமாக்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முகாம் தேதி ஒலித்தது. ‘கோர்’ என்ற பெயரில் இணைந்த தன்னார்வ அமைப்புகளும் யூனிசெப்பும் அந்தந்தத் தெருப் பெண்களையே ஆயிரக்கணக்கில் பணியில் அமர்த்தின. ‘புலாவா டோலி’ என்று சிறுவர் பட்டாளம் ஒன்று, அழைப்புக் கூட்டம் என்று பொருள். சத்தம் போட்டுக்கொண்டே தெருத்தெருவாய்ப் போய்ச் சின்னக் குழந்தைகளை முகாமுக்கு இழுத்து வந்தது. 2009-ல் உலகின் போலியோ நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர், 741 பேர், இந்தியாவில் இருந்தார்கள். 2010-ல் 42. 2011 ஜனவரி 13-ஆம் தேதி மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததே கடைசி.

கடைசி என்று எப்படித் தெரியும்? இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. எந்தக் குழந்தைக்காவது கை கால் திடீரெனத் தொய்ந்துபோனால், காரணம் எதுவானாலும், பதினான்கு நாளுக்குள் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை மலம் எடுத்து ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மருந்து நகரத்திலிருந்து கிராமத்துக்கு ஐஸில் வந்தது போல, மலம் கிராமத்திலிருந்து நகரத்துக்கு ஐஸில் போகிறது. இதற்குத் தலைகீழ்க் குளிர்சங்கிலி என்று பெயர். சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையம் அந்த ஆய்வகங்களில் ஒன்று. போலியோ இல்லாவிட்டாலும், 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஒருவருக்காவது வேறு காரணத்தால் இப்படித் தொய்வு வரும். ஒரு மாவட்டம் ‘எங்களிடம் யாருமே இல்லை’ என்று எழுதினால் பாராட்டு கிடையாது. தேடவில்லை என்று பொருள்.

ஆய்வகத்தில் எலியின் செல்கள் காத்திருக்கின்றன. எலிக்குப் போலியோ தொற்றாது, கிருமி நுழையும் பூட்டு அதன் செல்லில் இல்லை. அந்தப் பூட்டை மனிதனிடமிருந்து எடுத்து எலிச் செல்லில் பொருத்தியிருக்கிறார்கள். மலத்தில் கோடிக்கணக்கில் இருக்கும் மற்றக் கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் செல்லில் வேலையில்லை. போலியோ மட்டும் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு அகப்படும். அகப்பட்டதும் அதன் மரபணுவில் 900 எழுத்துள்ள ஒரு பகுதியைப் படிப்பார்கள். அது ஆண்டுக்கு ஒரு விழுக்காடு, அதாவது 40 நாளுக்கு ஓர் எழுத்து வீதம் மாறும். மாறிய எழுத்துகளை எண்ணினால் இந்தக் கிருமி எந்த ஊரிலிருந்து எப்போது கிளம்பியது என்று தெரியும். 2010-ல் தஜிகிஸ்தானில் 458 பேரை முடக்கிய கிருமியின் தாய்வீடு இந்தியா என்று காட்டிக்கொடுத்தது இந்தக் கணக்கு.

துப்பாக்கியும் இத்தகைய கூட்டு முயற்சிக்காகச் சில நாள் ஓய்ந்தது. 1985-ல் உள்நாட்டுப் போர் நடந்த எல் சால்வடோரில் யூனிசெப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் செஞ்சிலுவையும் இரு தரப்பிடமும் பேசி மூன்று நாள் தடுப்பூசிக்காகச் சண்டையை நிறுத்தின. அந்த வழக்கம் பரவியது. 1990களில் இலங்கையிலும் போலியோ நாட்களுக்காகப் போர் நின்றது.

எல்லாம் வெற்றிக் கதை அல்ல. போலியோ கிருமியில் மூன்று வகை. இரண்டாம் வகை கடைசியாக 1999-ல் அலிகாரில் தென்பட்டது. 2015-ல் அது ஒழிந்ததென்று அறிவித்து, 2016 ஏப்ரல் பாதியிலிருந்து இரண்டே வாரத்தில் 155 நாடுகளும் பகுதிகளும் சொட்டு மருந்திலிருந்து அந்த வகையை நீக்கின. ஒழுங்கமைப்பில் அது ஒரு சாதனை, பலனில் பெரும் சறுக்கல். மருந்திலிருந்த பலவீனக் கிருமி, தடுப்பு குறைந்த ஊர்களில் குடலுக்குக் குடல் தாவி மீண்டும் வலுப்பெற்று, அதன்பின் 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை முடக்கியது. கூட்டாளிகள் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவென்றால் தவறும் எல்லோருடையதுதான். அதைச் சரிசெய்ய, எளிதில் வலுப்பெற முடியாதபடி மரபணுவைத் திருத்திய புதிய சொட்டு மருந்து வந்தது. 2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதற்கு அவசரகால அனுமதி தந்தது. அந்த ஏற்பாட்டில் அனுமதி பெற்ற முதல் தடுப்பு மருந்து கொரோனாவுக்கானது அல்ல, இதுதான். உருவாக்கிய கூட்டணியில் சியாட்டிலின் பாத் அமைப்பும் இருந்தது.

முதல் வகைக் கிருமி இன்னும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இருக்கிறது. 2021-ல் உலகம் முழுவதும் 6 பேர் என்று குறைந்தது, 2024-ல் இவ்விரு நாடுகளில் மட்டும் 99 ஆனது. அங்கிருந்து நமக்கு விமானத்தில் சில மணி நேரத் தூரம்தான். அதனால்தான் 2024-ல்கூடத் தமிழ்நாட்டில் 43,051 மையங்கள் ஒரே நாளில் திறந்தன. வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அடுத்த முகாமுக்கு அழைத்துப் போங்கள். போகும்போது குப்பியை ஒருமுறை காட்டச் சொல்லி அந்தச் சதுரத்தைப் பாருங்கள். செவிலியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.